குவாய் நதிப் பாலத்தின் இசையைக் கேட்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்கில் நான் படித்த இடைநிலைப் பள்ளியின் பேண்ட் குழுவில் மூன்று ஆண்டுகள் கார்னெட் ஊதினேன்; டிரம்பெட்டைப் போன்ற பித்தளை ஊதுகருவி அது. விளையாட்டுப் போட்டி நாளன்று மாணவர் இல்லங்கள் கொடி பிடித்துத் திடலைச் சுற்றி வரும்போது நாங்கள் வாசித்த மெட்டுகளில் ஒன்று, கேட்ட மாத்திரத்தில் யாருடைய காலையும் ஆடவைத்துவிடும். அதன் பெயர் 'கர்னல் போகி' என்பது மட்டுமே அன்று எங்களுக்குத் தெரியும். அந்த மெட்டு ஒரு போர்ப்படத்தின் உயிர்நாடியாக இருப்பதும், அந்தப் படத்தின் களம் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட, மலாயா ரப்பர் தோட்டத்து நம் மக்கள் ஆயிரமாயிரமாய் மாண்டுபோன சயாம் மரண ரயில் பாதை என்பதும் இருபது வயதைத் தாண்டிய பிறகே எனக்குத் தெரியவந்தது. அன்றிலிருந்து அந்த இசையை நான் வேறு செவியோடு கேட்டு வருகிறேன்.

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' 1957-ஆம் ஆண்டு, அதாவது மலாயா விடுதலை பெற்ற அதே ஆண்டில் வெளிவந்தது. ஜப்பானியரிடம் சிக்கிய பிரிட்டிஷ் போர்க்கைதிகள் அந்த ரயில் பாதைக்காகக் குவாய் நதியில் பாலம் கட்டும் கதை. டேவிட் லீன் இயக்கினார். மால்கம் ஆர்னால்டு இசையமைத்தார். படத்துக்குக் கிடைத்த ஏழு ஆஸ்கார் விருதுகளுள் ஒன்று இசைக்கானது. போர்ப்படத்தில் இசை துள்ளிக் குதித்தால் அது சாவை மூடி மறைக்கும் வேலை என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இந்தப் படத்தைப் பொறுத்தவரை அந்த எண்ணம் தவறு என்பதே என் உறுதியான கருத்து. இங்கே துள்ளலுக்குள்ளேயே பாரம் வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கேட்கச் செவிக்குச் சிறிது பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைப் படிப்படியாகத் தருவதற்காகவே இதை எழுதுகிறேன். படம் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். அதையும் சேர்த்து, ஒரு வாரத்தில் மாலை வேளைகளில் ஐந்தாறு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும்.

முதல் படி: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் இதைக் கேட்காதீர்கள். அணிவகுப்பு இசையின் அடித்தளமான பெரிய முரசும் தாழ்ந்த ஒலியுள்ள பெரிய பித்தளைக் குழலான டியூபாவும் அதில் ஏறக்குறைய காணாமலே போய்விடும். எஞ்சுவது மேலே கீச்சிடும் சீழ்க்கை மட்டுமே. காதை முழுதாக மூடும் ஹெட்போன் இருந்தால் நல்லது. எல்ஆர்டி ரயில் பயணத்திலும், மாலை மழை கூரையைத் தட்டும் நேரத்திலும் கேட்க வேண்டாம், ஏனென்றால் இந்த இசையின் பாதி அதன் மெல்லிய பகுதிகளில் இருக்கிறது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுச் சன்னலுக்குக் கீழே வாகனங்கள் ஓய்வதே இல்லை என்பதால், நான் இரவு பத்து மணிக்கு மேல்தான் கேட்கிறேன்.

இரண்டாம் படி: இரண்டு சுரங்களிலிருந்து தொடங்குங்கள்

படத்தை இன்னும் போடாதீர்கள். கைதிகள் சீழ்க்கையடித்தபடி முகாமுக்குள் நுழையும் பகுதியின் இசையை மட்டும் தேடிக் கேளுங்கள். மெட்டு இரண்டே சுரங்களில் தொடங்கும்: மேலே ஒன்று, கீழே ஒன்று, பிறகு ஒரு சிறு இடைவெளி. கர்நாடக இசையில் சற்றுப் பழக்கம் உள்ளவர்கள் சங்கராபரணத்தின் சுரங்களில் இதை எளிதாகப் பிடித்துவிடலாம். பஞ்சமத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு இறங்குவதுதான் அந்த முதல் அசைவு: 'ப க'. இடைவெளிக்குப் பிறகு, அதே காந்தாரத்திலிருந்து 'க ம ப' என்று படியேறி, மேல் தாயிக் காந்தாரத்துக்கு ஒரே தாவலில் போய், அங்கே இருமுறை தட்டிவிட்டு, மேல் சட்ஜத்தில் வந்து நிற்கிறது. இதை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். கமகம் எதுவும் சேர்க்காமல், ஒவ்வொரு சுரத்தையும் கல் வைத்தாற்போல் நிறுத்திப் பாடுங்கள். நம் தொண்டை தானாகவே அசைத்துப் பாடப் பார்க்கும். அதற்கு இடம்கொடுத்தால் அணிவகுப்பின் விறைப்பு போய்விடும்.

அந்த முதல் இடைவெளிதான் இந்த மெட்டின் உயிர் என்பேன். இரண்டு சுரம் கேட்டதும் ஓர் அடி வெற்றிடம் வருகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்பக் கால் தானாக முன்வருகிறது. கேட்பவரைச் சும்மா இருக்க விடாத மெட்டுகளைக் கவனித்தால், பெரும்பாலும் அவற்றில் இப்படியொரு காலியிடம் இருக்கும்.

இந்த மெட்டை ஆர்னால்டு எழுதவில்லை. பிரிட்டிஷ் ராணுவப் பேண்ட் ஆசிரியரான எஃப். ஜே. ரிக்கெட்ஸ் 1914-இல், கென்னத் ஆல்ஃபர்டு என்ற புனைபெயரில் இதை வெளியிட்டார். கோல்ஃப் திடலில் ஒருவர் பந்து வருகிறது என்று எச்சரிக்கக் கத்துவதற்குப் பதிலாக இரண்டு சுரங்களைச் சீழ்க்கையடிப்பார் என்றும், அந்த இரண்டு சுரங்களே மெட்டின் தொடக்கமாயின என்றும் சொல்லப்படுகிறது. அப்போது ரிக்கெட்ஸ் பணியாற்றியது ஆர்கைல் அண்ட் சதர்லேண்ட் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவின் இரண்டாம் பட்டாளத்தில். அதே பட்டாளம்தான் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1942 ஜனவரி 7 அன்று, பேராக்கில் சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகளால் சிதறடிக்கப்பட்டது. எஞ்சியவர்கள் அந்த மாத இறுதியில் பேக்பைப் வாத்தியம் முழங்க ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் போனார்கள். பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தபோது அவர்களும் கைதிகளானார்கள். கோலாலம்பூரிலிருந்து வடக்கே நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் சிலிம் ரிவர் பெயர்ப்பலகை கண்ணில் பட்டதும் எனக்குள் அந்த 'ப க' ஒலிக்கிறது. ஒரு மெட்டு அது பிறந்த பட்டாளத்தோடு நம் மண்ணுக்கே வந்து சேர்ந்த கதை இது.

மூன்றாம் படி: சீழ்க்கையை ஒரு வாத்தியமாக மதியுங்கள்

போர்க்காலத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் இந்த மெட்டுக்கு ஹிட்லரைக் கேலி செய்யும் கொச்சையான வரிகளைப் போட்டுப் பாடினார்கள். அந்த வரிகளைத் திரையில் ஒலிக்கவிட முடியாது என்பதால் கைதிகள் பாடாமல் சீழ்க்கையடிக்கிறார்கள். இந்தத் தடையே நன்மையாக முடிந்தது. அன்றைய பிரிட்டிஷ் பார்வையாளர்களுக்கு வரிகள் தெரியும். திரையில் இருப்பவர்களுக்கும் தெரியும். வாய் திறந்து சொல்லாமலே வசவு போய்ச் சேர்கிறது. காவலனுக்கு அது வெறும் ராகம்.

கேட்கும்போது இரண்டைக் கவனியுங்கள். முதலாவது, சீழ்க்கையின் சுருதி. பலர் ஒன்றாக ஊதும்போது ஒவ்வொருவர் சுருதியும் மயிரிழை வேறுபடும். அந்த வேறுபாட்டால் ஒலிக்கு ஓர் அகலம் வருகிறது, ஒரே ஒரு தேர்ந்த கலைஞர் ஊதினால் அது வராது. இரண்டாவது, மூச்சு. சீழ்க்கை வாத்தியம் நேராக மூச்சால் நடப்பது. பசித்தவன், காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் இப்படி ஊத முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியிலேயே காட்சியின் பொருள் பாதி வந்துவிடுகிறது.

நான்காம் படி: இரண்டாவது மெட்டைப் பிடியுங்கள்

இந்த வழிகாட்டியின் நடுத்தூண் இந்தப் படிதான். மற்றவற்றைத் தாண்டிப் போனாலும் இதைத் தாண்டாதீர்கள்.

சீழ்க்கை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பேண்ட் இசை வந்து சேர்கிறது. பலரும் அது அதே மெட்டுக்குப் பக்கவாத்தியம் என்று நினைத்துக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அது பக்கவாத்தியம் அன்று. அது ஆர்னால்டு தாமே எழுதிய வேறொரு அணிவகுப்பு மெட்டு. 'கர்னல் போகி' நடக்கும் அதே சுரக்கூட்டுகளின் (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின்) மேல், அதனோடு சேர்ந்தே ஒலிக்கும்படி அளந்து எழுதப்பட்டது. பழைய மெட்டு மூச்சு வாங்க நிற்கும் இடங்களில் புதிய மெட்டு நடக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல், ஒரே சாலையில் இரண்டு வரிசைகளாகப் போகின்றன.

நமக்கு இது எளிதில் பிடிபடாததற்குக் காரணம் உண்டு. நம் செவி ஒற்றை இழையில் பழகியது. கோயிலில் இரண்டு நாயனக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் இருவர் வாசிப்பதும் ஒரே வரிதான். ஒத்து அடியில் ஒரே சுரத்தில் நிற்கும். தவில் தாளத்தின் வழியே பேசும். இரண்டு வெவ்வேறு மெட்டுகள் ஒரே சமயத்தில் சம உரிமையோடு நடப்பதற்கு நம் மரபில் பழக்கம் குறைவு. ஆகவே முதல் முறை கேட்டுப் புரியாவிட்டால் மனம் தளர வேண்டியதில்லை.

எங்கள் பள்ளிப் பேண்ட் ஆசிரியர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முறையைச் சொல்கிறேன். அதே பகுதியை நான்கு முறை கேளுங்கள். முதல் முறை சீழ்க்கையை மட்டும் கடைசிவரை விடாமல் பின்தொடருங்கள். பேண்ட் எவ்வளவு உரக்க வந்தாலும் அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். இரண்டாம் முறை, பேண்ட் நுழைந்த கணத்தில் சீழ்க்கையைக் கைவிட்டுவிட்டுப் பேண்டின் மெட்டைப் பற்றிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஒருவர் கையை விட்டு இன்னொருவர் கையைப் பிடிப்பது போன்ற அந்த மாற்றத்தை நீங்கள் உணர வேண்டும். மூன்றாம் முறை பழைய மெட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே, செவியைப் புதிய மெட்டின் மேல் வையுங்கள். இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குவார்கள்; வாய் செவியின் பின்னால் ஓடிவிடும். இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. நான்காம் முறை முணுமுணுப்பை நிறுத்திவிட்டு, இரண்டையும் ஒருசேரக் கேளுங்கள். அது வசப்படும் அந்த நொடியில் இசை திடீரென்று அகன்று, முன்பு ஒரு கோடாக இருந்தது ஒரு வெளியாக விரிவதைக் காண்பீர்கள்.

அப்படி வசப்பட்ட பிறகு ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்தப் பேண்ட் எங்கிருந்து வருகிறது? முகாமில் டிரம்பெட்டும் முரசும் வைத்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. சீழ்க்கை கதைக்குள் இருக்கிறது; கைதிகளுக்கும் அது கேட்கிறது, ஜப்பானிய அதிகாரிக்கும் கேட்கிறது. பேண்டோ பார்வையாளர்களாகிய நமக்கு மட்டுமே கேட்கிறது. கிழிந்த காலணியும் பிய்ந்த அடித்தோலுமாக நின்ற இடத்தில் தாளம் போடும் அந்தக் கால்களைக் காமிரா நெருங்கிக் காட்டுகிறது. செவியிலோ மெருகேற்றிய பித்தளை முழங்குகிறது. அவர்கள் தம்மை எப்படி நினைத்துக்கொள்கிறார்கள் என்பதை இசை சொல்கிறது, அவர்கள் உண்மையில் எப்படி இருக்கிறார்கள் என்பதைப் படம் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம்தான் அந்த அணியின் தலைவரான கர்னல் நிக்கல்சனின் முழுக் கதையும். எதிரிக்காகத் தாமே ஒரு நல்ல பாலத்தைக் கட்டிக்கொடுத்து அதில் பெருமை கொள்ளப்போகும் அந்த மனிதரின் மனம், படத்தின் தொடக்கத்திலேயே, இரண்டு மெட்டுகளில் நம் முன் வைக்கப்பட்டுவிடுகிறது. ஆர்னால்டின் திறமைக்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: வாத்தியங்களைப் பிரித்துக் கேளுங்கள்

ஆர்னால்டு லண்டன் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவில் முதன்மை டிரம்பெட் கலைஞராக இருந்தவர். பித்தளைக் கருவிகளுக்கு அவர் எழுதிய வரிகளில் அது தெரியும். உதடு எங்கே களைக்கும், எந்தச் சுரத்தில் டிரம்பெட் தானாகவே ஒளிரும் என்பதையெல்லாம் வாசித்துப் பழகியவரின் எழுத்து அது. அணிவகுப்பில் டிரம்பெட்டும் கார்னெட்டும் முன்னே நிற்க, டிராம்போன்கள் நடுவில் தாங்க, டியூபா அடியில் இடக்கால் வலக்கால் என்று நடப்பதைக் கேளுங்கள். உயரத்தில் மின்னும் கீற்று பிக்கலோ என்ற சிறிய புல்லாங்குழல். சீழ்க்கைக்கு மிக நெருங்கிய உறவு அதுதான், ஆகவே இரண்டையும் வேறுபடுத்தக் கூர்ந்து கேட்க வேண்டும்.

ஸ்னேர் டிரம்மைப் பற்றி ஒரு வார்த்தை. தைப்பூசத்தில் பத்துமலையிலோ பினாங்கு தண்ணீர்மலையிலோ உறுமி மேளத்தின் பக்கத்தில் நின்றவர்களுக்கு, தோல் கருவி ஒன்று வெறும் அடியால் மட்டுமன்றி வேறு வகையிலும் பேசும் என்பது தெரியும். உறுமியில் வளைந்த குச்சி தோலைத் தேய்த்து முனகலை எழுப்புகிறது. ஸ்னேர் டிரம்மில் அடித்தோலின் மேல் இழுத்துக் கட்டிய கம்பிச் சுருள்கள் ஒவ்வொரு அடிக்கும் அதிர்ந்து படபடக்கின்றன. உறுமி ஆளை உள்ளே இழுக்கும். ஸ்னேர் டிரம் ஆளை நிமிர்த்தி நிறுத்தும். உறுமிக்குப் பழகிய செவியோடு இந்தப் படபடப்பைக் கேட்டால், ராணுவம் ஏன் இந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தது என்பது விளங்கிவிடும்.

பாலத்தைத் தகர்க்க அதிரடிப் படையினர் காட்டின் வழியே வரும் பகுதிகளில் ஆர்கெஸ்ட்ராவின் நிறம் மாறிவிடுகிறது. அங்கே நேரான இடக்கால் வலக்கால் நடை கிடையாது. தந்திக் கருவிகளும் மரக்குழல்களும் சூழ்ந்துகொள்கின்றன. அணிவகுப்பின் கட்டுக்கோப்பை மனத்தில் வைத்துக்கொண்டு இவற்றைக் கேட்டால் போதும்.

ஆறாம் படி: இப்போது படத்தைப் பாருங்கள், இசை இல்லாத இடங்களைக் குறித்துவையுங்கள்

ஒரு சின்னக் குறிப்பேட்டை வைத்துக்கொள்ளுங்கள். இசை தொடங்கும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் மட்டும் எழுதுங்கள், வேறெதுவும் வேண்டாம். நம் படங்களில் இசை ஏறக்குறைய எல்லாக் காட்சியிலும் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், இந்தப் படத்தில் எவ்வளவு நேரம் இசையே இல்லாமல் போகிறது என்பது உங்களை வியக்க வைக்கும். ஆர்னால்டுக்கு இசையை எழுதக் கிடைத்தது ஏறத்தாழப் பத்தே நாள். அவசரம் ஒருபுறம் இருக்கட்டும். எங்கே எழுதக் கூடாது என்பதில் இசையமைப்பாளரும் இயக்குநரும் தெளிவாக இருந்திருக்கிறார்கள்.

மூன்று இடங்களில் சற்று நின்று கவனியுங்கள். பாலம் முடிந்த மாலையில் நிக்கல்சன் அதன் மேல் நின்று, தம் இருபத்தெட்டு ஆண்டுப் பணியை எண்ணிப் பேசுகிறார். கையிலிருந்த பிரம்பு நீரில் விழுகிறது. அந்திப் பொழுதின் அமைதியை எவ்வளவு குறைவான ஒலியில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அன்றிரவு கைதிகள் ஆடிப்பாடி விழா நடத்த, அதே வேளையில் அதிரடிப் படையினர் ஆற்றுக்குள் இறங்கிப் பாலத்துக்கு வெடிவைக்கிறார்கள். பின்னணி இசை செய்ய வேண்டிய வேலையை அந்தப் பாட்டும் ஆரவாரமும் செய்துவிடுகின்றன. மறுநாள் காலை நீர்மட்டம் இறங்கி வெடியின் கம்பி வெளியே தெரியும் அந்த நீண்ட காட்சியில் ஆர்கெஸ்ட்ரா பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ள, ஆற்றின் சலசலப்பும் தூரத்து ரயிலின் ஊதலும்தான் நெஞ்சைப் பிடிக்கின்றன. சாதாரண இசையமைப்பாளர் முரசை உருட்டியிருப்பார்.

பாலம் இடிந்து, முகாமின் மருத்துவர் 'பைத்தியக்காரத்தனம்' என்று சொல்லி முடித்த பிறகு மீண்டும் அணிவகுப்பு இசை எழுகிறது. இப்போது முன்னின்று ஒலிப்பது ஆர்னால்டின் மெட்டு. தொடக்கத்தில் நமக்கு மட்டுமே கேட்ட, கதைக்குள் யாருக்கும் கேட்காத அந்தப் பேண்ட். அதற்குத் துணையாகச் சீழ்க்கையடித்த வரிசையை இப்போது காணோம். சிலர் இந்த முடிவைப் பொருத்தமற்ற உற்சாகம் என்கிறார்கள். நான்காம் படியை ஒழுங்காகச் செய்தவர்களால் அப்படிச் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். இரண்டு வரிசைகளில் ஒன்று மட்டும் தனியே நடந்து போவதை அவர்கள் கேட்பார்கள்.

ஏழாம் படி: படத்தில் இல்லாதவர்களைத் தெரிந்துகொண்டு மறுபடியும் கேளுங்கள்

தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் பாதையின் வேலை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாட்டுக் கைதிகள் சுமார் 60,000 பேர் அதில் வேலை செய்தார்கள். 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப் போலப் பல மடங்கு. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் இறந்த ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை 90,000 வரை இருக்கும் என மதிப்பிடப்படுகிறது. கல்லறை கிடைத்தவர்கள் மிகச் சிலர்.

படத்துக்கு மூலமான பிரெஞ்சு நாவலை 1952-இல் வெளியிட்ட பியேர் பூல், போருக்கு முன் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர். தமிழ்த் தொழிலாளர்களை அவர் அறியாதவர் அல்லர். ஆயினும் கதை பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரின் மனத்தைப் பற்றியது. திரையில் நம் மக்களைக் காண முடியாது. படம் எடுக்கப்பட்டது இலங்கையில், கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல். அதிரடிப் படை ஆற்றில் இறங்கிப் பாலத்தைத் தகர்த்தது கற்பனை. உண்மையான பாலங்கள் 1945-இல் விமானக் குண்டுவீச்சில் சேதமாயின.

இந்தப் படியை இசைக்குப் புறம்பானது என்று ஒதுக்கிவிடாதீர்கள். கெடாவில் ஒரு தோட்டத்தில் பிறந்த என் பெரியம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தா, சயாமுக்குப் போய்த் திரும்பாதவர். நான் வீட்டில் கார்னெட் பழகிய காலத்தில் பெரியம்மா எங்களோடு இருந்தார். 'கர்னல் போகி'யை நான் எத்தனையோ முறை ஊதியிருக்கிறேன். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அந்த மெட்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பல ஆண்டுகள் கழித்து இந்தப் படத்தை அவரோடு உட்கார்ந்து பார்த்தபோது, சிப்பாய்கள் சீழ்க்கையடித்து நடந்து வரும் காட்சியில், "எங்கப்பா வேலை செஞ்ச பாலமா இது?" என்று மட்டும் கேட்டார். "தெரியல பெரியம்மா" என்றேன். அவர் அதற்குப் பிறகு பேசவில்லை. படம் முடியும்வரை எழுந்து போகவும் இல்லை.

அன்றிரவு எனக்கு விளங்கியது இதுதான். தம்மை யாரென்று சொல்லிக்கொள்ள அந்தச் சிப்பாய்களுக்கு ஒரு பட்டாளம் இருந்தது, பட்டாளத்துக்கு ஒரு பேண்ட் இருந்தது, பேண்டுக்கு ஒரு மெட்டு இருந்தது. பெண்டாட்டி பிள்ளையைத் தோட்டக் குடியிருப்பான லயத்தில் விட்டுவிட்டு வண்டியேறியவர்களுக்கு அப்படியொரு மெட்டை யாரும் எழுதிவைக்கவில்லை. இதை அறிந்தபின் அணிவகுப்பு இசையை மறுபடியும் கேளுங்கள். அதன் அழகு குறைவதில்லை. என் அனுபவத்தில் கூடுகிறது. முன்பு நான் சொன்ன அந்த முதல் இரண்டு சுரங்களுக்குப் பின் வரும் இடைவெளி மட்டும் முன்னைவிட நீளமாகக் கேட்கிறது.

எட்டாம் படி: கச்சேரிக்கான தொகுப்பு

கிறிஸ்டோபர் பால்மர் இந்தப் பின்னணி இசையைக் கச்சேரி மேடைக்கு ஏற்றபடி ஐந்து பகுதிகள் கொண்ட தொகுப்பாக அமைத்தார்: சிறைமுகாம், கர்னல் போகி, காட்டுப் பயணம், அந்தி, இறுதியில் குவாய் நதி அணிவகுப்பு. ரிச்சர்ட் ஹிக்காக்ஸ் லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவை நடத்திப் பதிவு செய்தது நல்ல பதிவு. ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும். படத்தில் வசனத்துக்கும் காட்டொலிக்கும் அடியில் மறைந்து கிடந்த நுணுக்கங்கள் இதில் துலங்கும். இதைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். முதலில் கேட்டுவிட்டால், மௌனத்துக்கு நடுவே வைக்கப்பட்ட இசை இது என்பது மறந்துபோகும். அமெரிக்க இசைக்குழுத் தலைவர் மிட்ச் மில்லர் வெளியிட்டு 1958-இல் பெரும்புகழ் பெற்ற இசைத்தட்டில் இரண்டு மெட்டுகளும் தெளிவாகப் பிரிந்து ஒலிக்கின்றன. நான்காம் படியில் சிரமப்படுபவர்களுக்கு அது உதவும் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை.

ஒன்பதாம் படி: கண்ணெதிரே கேளுங்கள், பிறகு நீங்களே பாடுங்கள்

பதிவில் எவ்வளவு கேட்டாலும், நாற்பது ஐம்பது பேர் ஒன்றாக ஊதும்போது தரை அதிர்வதைப் பதிவு தராது. கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தின் அடியில் 1998-இல் திறக்கப்பட்ட பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கில் மலேசிய பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா நிகழ்ச்சிகள் நடத்துகிறது. திரையிசை நிகழ்ச்சி ஏதேனும் அறிவிக்கப்பட்டால் மேல்தட்டு இருக்கையாகப் பார்த்து வாங்குங்கள். கீழே முன்வரிசையில் உட்கார்ந்தால் முன்னால் இருக்கும் வயலின்காரர்கள்தான் தெரிவார்கள். மேலிருந்து பார்த்தால் பின்வரிசைப் பித்தளைக்காரர்கள் கருவியை உயர்த்துவதும், முரசுக்காரர் கோலை ஓங்கிவிட்டுக் காத்திருப்பதும் கண்ணில் படும். கண் முன்னே போனால் செவி பின்னே போகும். அரங்குக்குப் போக வாய்ப்பில்லாதவர்கள் அக்கம்பக்கத்துப் பள்ளியின் விளையாட்டுப் போட்டி நாளில் பேண்ட் அருகே போய் நில்லுங்கள். சுருதி சற்று விலகியிருக்கும். அதனாலென்ன, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் ஸ்னேர் டிரம் படபடப்பதை அவ்வளவு கிட்டத்தில் வேறெங்கும் கேட்க முடியாது.

வீட்டில் இன்னொருவர் இருந்தால் கடைசிப் பயிற்சி ஒன்று உண்டு. ஒருவர் பழைய மெட்டையும் மற்றவர் ஆர்னால்டின் மெட்டையும் எடுத்துக்கொண்டு, எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் பக்கத்தில் நின்று, இடக்கால் வலக்கால் வைத்தபடி ஒரே நேரத்தில் பாட வேண்டும். என் மகளுக்குச் சீழ்க்கை வராது. 'ப க' என்று சுரமாகவே பாடுகிறாள். மூன்றாவது நான்காவது வரியில் எப்படியும் அவள் தடுமாறி என் மெட்டுக்குள் வந்து விழுந்துவிடுவாள். அப்போது நான் நிறுத்துவதில்லை. காலைத் தட்டிக்கொண்டே என் மெட்டைப் பாடிக்கொண்டிருக்கிறேன். சிறிது நேரம் கழித்து அவள் தன் வரியைத் தேடிப் பிடித்து, 'ப க' என்று மறுபடியும் பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்கிறாள்.